ஜி.எச்-ல கிளினிக்கல் ரிசர்ச் பண்றது எப்படி: பாம்புக்கடி வார்டை வச்சு ஒரு முழுமையான வழிகாட்டி

மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி, புதுசா தொறந்த கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ், தாலுகா ஆஸ்பத்திரி, இங்கெல்லாம் வேலை பாக்குற பி.ஜி, ஹவுஸ் சர்ஜன், ஸ்டாஃப் நர்ஸ் இவங்களுக்காக இதை எழுதுறேன். பெரிய இன்ஸ்டிடியூட்ல இருக்கறவங்களுக்கு ஸ்டாட்டிஸ்டீஷியன் இருக்காரு, ரிசர்ச் நர்ஸ் இருக்காங்க, ஃபண்ட் இருக்கு. நம்மகிட்ட இருக்கறது நோயாளி, கேஸ் ஷீட், ஒரு போன். நல்ல ஸ்டடி ஒண்ணு பண்ண அது போதும்னு நான் உறுதியா நம்புறேன், ஆனா சில விஷயத்தை முன்னாடியே யோசிச்சு வச்சுட்டு இறங்கணும்.

பொதுவா பேசினா எதுவும் மண்டையில நிக்காது, அதனால ஒரு நோயை எடுத்துக்கிட்டு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் போறேன், பாம்புக்கடி. இது ஜில்லா ஆஸ்பத்திரியோட நோய், நெல்லும் கரும்பும் போடுற ஊர்ல மழை ஆரம்பிச்சா தினமும் கேஸ் வரும். இந்தியாவுல 2000-ல இருந்து 2019 வரைக்கும் பாம்பு கடிச்சு சுமார் 12 லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு தேசிய அளவுல நடந்த இறப்பு ஆய்வை வச்சு கணக்கு போட்டிருக்காங்க, வருஷத்துக்கு சராசரி 58,000. உலக சுகாதார நிறுவனம் 2017-ல இதை புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியல்ல சேத்துச்சு, மத்திய அரசு 2024 மார்ச்ல தேசிய செயல்திட்டம் வெளியிட்டுச்சு, 2030-க்குள்ள சாவை பாதியா குறைக்கணும்ங்கறது அதோட இலக்கு. தமிழ்நாடு 2024 நவம்பர்ல பாம்புக்கடியை கட்டாயமா அரசுக்கு ரிப்போர்ட் பண்ண வேண்டிய நோயா அறிவிச்சது. இனிமே எத்தனை பேரை கடிச்சதுன்னு எண்ணிக்கை ஓரளவு கிடைச்சிடும். கடிபட்டவங்க வீட்டுக்குப் போனப்புறம் என்ன ஆனாங்கன்னு சொல்ல வேண்டியது நாமதான்.

இந்த கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப்போறது இதைத்தான். நம்ம ரிஜிஸ்டர்ல ஒரு நோயாளியோட முடிவு ஒத்த வார்த்தையில நின்னுடுது: டிஸ்சார்ஜ், ரெஃபர்டு, லாமா (டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் எழுதிக் கொடுத்துட்டுப் போறது), அப்ஸ்காண்டட் (சொல்லாம போறது), டெத். இதுல கடைசி ஒண்ணு மட்டும்தான் நிஜமான முடிவு, மத்த நாலும் படுக்கை காலியாச்சுன்னு மட்டும் சொல்லுது. காலியான படுக்கையை அவுட்கம்னு எழுதுற பழக்கத்தை விட்டாலே உங்க ஸ்டடி பாதி தரமாயிடும்.

முதல் படி: கேள்வியை செதுக்குங்க

"பாம்புக்கடி நோயாளிகளின் கிளினிக்கல் ப்ரொஃபைல் மற்றும் அவுட்கம்" அப்படின்னு ஒரு தீசிஸ் தலைப்பு ஊருக்கு ஊர் இருக்கும். அது கேள்வியே இல்ல, வயசு, ஆணா பொண்ணா, எந்த கால்ல கடிச்சதுன்னு ஒரு பட்டியல் வரும், அதை படிச்சுட்டு வார்டுல யாரும் எதையும் மாத்த மாட்டாங்க. நல்ல கேள்விக்கு ஒரு அடையாளம் இருக்கு. பதில் ஆமான்னு வந்தா ஒரு மாதிரி நடந்துக்குவோம், இல்லைன்னு வந்தா வேற மாதிரி நடந்துக்குவோம், அப்படி இருக்கணும்.

உதாரணத்துக்கு இப்படி கேளுங்க: விரியன் கடிச்சு ரத்தம் உறையாம வர்றவங்கள்ல, கடிச்சதுல இருந்து முதல் டோஸ் ஏ.எஸ்.வி (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏற 6 மணி நேரத்துக்கு மேல ஆனவங்களுக்கு, அதுக்குள்ள போட்டுக்கிட்டவங்களை விட 3 மாசம் கழிச்சு கிட்னி சரியாகாம இருக்கறது அதிகமா? இதுல யாரு, எதை எதோட ஒப்பிடுறோம், எந்த முடிவு, எப்போ பாக்குறோம், நாலுமே இருக்கு. பதில் ஆமான்னு வந்தா மருந்தை பி.எச்.சி-லயே ஆரம்பிச்சுட்டுத்தான் அனுப்பணும்னு சொல்ல உங்க கையில ஆதாரம் இருக்கும்.

3 மாசம்னு எதுக்கு? கண்ணாடி விரியன் கடிச்சு டயாலிசிஸ் வரைக்கும் போனவங்க யூரின் நல்லா வர ஆரம்பிச்சதும் வீட்டுக்குப் போயிடுறாங்க, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) முழுசா இறங்கியிருக்காது. 3 மாசத்துக்கு மேலயும் கிட்னி குறைபாடு நீடிச்சா அதுக்குப் பேரு நாள்பட்ட கிட்னி நோய். அது வந்ததே அந்த ஆளுக்குத் தெரியாது, சில வருஷம் கழிச்சு கால் வீங்கி வரும்போது பாம்பு கடிச்ச கதையை யாரும் கேக்கவும் மாட்டாங்க. கண்ணாடி விரியன் விஷம் பிட்யூட்டரி சுரப்பியையும் பாதிக்கும்னு பர்மாவுலயும் இலங்கையிலயும் நம்ம தென்னிந்தியாவுலயும் பதிவாயிருக்கு, மாசக்கணக்குல சோர்வு, பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னு போறதுன்னு தலை காட்டும். இதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்கவே இருக்காது.

ரெண்டாவது படி: பழைய கேஸ் ஷீட் முப்பதை எடுத்துப் பாருங்க

ப்ரொபோசல் எழுதறதுக்கு முன்னாடி சூப்பரின்டென்டன்ட் கிட்டயோ டீன் கிட்டயோ முறையா அனுமதி வாங்கிட்டு எம்.ஆர்.டி-க்கு (பழைய ரெக்கார்டு வைக்கற பிரிவு) போய் போன வருஷத்து பாம்புக்கடி கேஸ் ஷீட் ஒரு முப்பதை எடுங்க. உங்க கேள்விக்கு வேண்டிய விஷயம் அதுல எத்தனையில எழுதியிருக்குன்னு மட்டும் பாருங்க. அரை நாள் வேலை, ஆனா இதை செஞ்சவங்களுக்கும் செய்யாதவங்களுக்கும் ஆறு மாசம் கழிச்சு பெரிய வித்தியாசம் தெரியும்.

பாக்கும்போது சில விஷயம் கண்ணுல படும். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல ஒரு நேரம் இருக்கும், கேஸ் ஷீட்ல வேற நேரம், நர்ஸ் சார்ட்ல மருந்து ஆரம்பிச்ச நேரம் மூணாவது. இந்த மூணுல மருந்து ஏறின நேரத்துக்கு நர்ஸ் சார்ட்டைத்தான் நம்பணும், ஏன்னா பாட்டிலைத் தொங்கவிட்டவங்க எழுதினது அது. ரெஃபரல் சிலிப் பாதி கேஸ்ல இருக்காது, இருந்தாலும் பி.எச்.சி-ல எத்தனை வையல் (சின்ன மருந்து பாட்டில்) போட்டாங்கன்னு எழுதியிருக்காது. கடிச்ச நேரம் "நேத்து ராத்திரி"ன்னு இருக்கும். இந்த நிலைமையில பழைய ரெக்கார்டை வச்சு ஸ்டடி பண்ணா கிடைக்கற பதில் உங்களையே ஏமாத்தும், அதனால இந்தக் கேள்விக்கு இன்னைல இருந்து வர்ற நோயாளிகளை சேத்துக்கிட்டுப் போற ப்ராஸ்பெக்டிவ் ஸ்டடிதான் சரி. டெத் எத்தனை, எந்த மாசத்துல கூட்டம், எந்த ஒன்றியத்துல இருந்து அதிகம் வர்றாங்க, இந்த மாதிரி கேள்விக்கு பழைய ரெக்கார்டே தாராளம்.

மூணாவது படி: எத்தனை பேர் வேணும்

கணக்குன்னா பயம் வேண்டாம், ஓப்பன்எபி-ன்னு இலவச கால்குலேட்டர் இருக்கு, பிரவுசர்லயே ஓடும். ஒரு சதவீதத்தை மட்டும் அளக்கறதா இருந்தா, 30 சதவீதம் வரும்னு எதிர்பார்த்து, 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்னு வச்சா 323 பேர் வேணும், 10 சதவீதம் வரைக்கும் பரவாயில்லைன்னா 81 பேர் போதும். ஆனா நம்ம கேள்வி ரெண்டு குரூப்பை ஒப்பிடுறது. சீக்கிரம் மருந்து போட்டவங்கள்ல 20 சதவீதம், லேட்டானவங்கள்ல 35 சதவீதம் பேருக்கு கிட்னி பாதிப்பு நிக்கும்னு ஒரு அனுமானம் வச்சா, வழக்கமான 80 சதவீத பவர்ல (வித்தியாசம் நிஜமா இருந்தா அதைக் கண்டுபிடிக்கற வாய்ப்பு) ஒரு குரூப்புக்கு கிட்டத்தட்ட 140 பேர். அஞ்சுல ஒருத்தர் திரும்ப வர மாட்டாங்கன்னு கணக்குல எடுத்தா 175. இது என் அனுமான நம்பர், நீங்க உங்க ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல இருந்தும் வெளியான பேப்பர்ல இருந்தும் உங்க நம்பரை எடுத்துப் போடுங்க.

உங்க ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு அவ்வளவு கேஸ் வராதுன்னா பக்கத்து ஜில்லா ஜி.எச்-ஐயும் சேத்துக்குங்க, இல்லைன்னா கேள்வியை சின்னதாக்குங்க. எண்ணிக்கை பத்தாதுன்னு தெரிஞ்சே ஆரம்பிக்கறது நோயாளிகிட்ட வாங்குற ரத்தத்துக்கும் நேரத்துக்கும் மரியாதை இல்லாத காரியம். இன்னொண்ணு, எந்த ஸ்டடியா இருந்தாலும் ஒரு முழு வருஷத்தை கவர் பண்ணுங்க. மழைக்காலத்துல வர்ற கூட்டமும் கோடையில வர்ற கூட்டமும் ஒண்ணு இல்ல, பாம்பும் மாறும், வர்ற வழியும் மாறும்.

நாலாவது படி: எத்திக்ஸ்

இதை ஃபார்மாலிட்டின்னு நினைக்கறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பெரும்பாலும் கூலி வேலை செய்யறவங்க, டாக்டர் கையெழுத்து போடச் சொன்னா எதுக்குன்னு கேக்காம போட்டுடுவாங்க, அதனாலதான் நம்ம பொறுப்பு அதிகம்.

ஐ.சி.எம்.ஆர்-ஓட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 தேசிய வழிகாட்டி நெறிமுறைதான் நமக்கு அடிப்படை. எத்திக்ஸ் கமிட்டியில 7-ல இருந்து 15 பேர் வரைக்கும் இருப்பாங்க, சேர்பெர்சன் ஆஸ்பத்திரிக்கு வெளிய இருந்து வந்தவரா இருக்கணும், சட்டம் தெரிஞ்சவர், சமூக அறிவியல் ஆள், சாதாரண பொதுமக்கள்ல ஒருத்தர் எல்லாரும் இருக்கணும். உங்க இடத்துல கமிட்டி இல்லைன்னா பக்கத்து மெடிக்கல் காலேஜ் கமிட்டியோட ஒப்பந்தம் போட்டுக்கலாம், அந்த கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையோட நைதிக் போர்ட்டல்ல பதிவானதான்னு கேட்டுக்குங்க. நம்ம ஸ்டடியில சிகிச்சையை நாம மாத்தல, கூடுதலா ஒரு தடவை ரத்தம் எடுக்கறோம், அதனால ரிஸ்க் குறைவு, எக்ஸ்பெடைட்டட் ரிவ்யூ (முழு கமிட்டி கூடாம சீக்கிரம் முடிக்கற பரிசீலனை) கேட்டுப் பாக்கலாம், முடிவு கமிட்டியோடது. புது மருந்து, புது டோஸ்னு எதையாவது டெஸ்ட் பண்ணப் போனா அது வேற உலகம், 2019 புது மருந்து மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகளைப் படிக்காம இறங்காதீங்க. சி.டி.ஆர்.ஐ-ன்னு சொல்ற இந்திய கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டுல பதியறது இலவசம், முதல் நோயாளியை சேர்க்கறதுக்கு முன்னாடியே பண்ணணும், 2018 ஏப்ரல்ல இருந்து ஆரம்பிச்சுட்டு அப்புறமா வந்து பதியறதை அவங்க ஏத்துக்கறதில்ல. சிகிச்சையை மாத்தாம கவனிக்க மட்டும் செய்யற நம்மளது மாதிரி அப்சர்வேஷனல் ஸ்டடியையும் அங்க பதியலாம், பதிஞ்சுடுங்க.

இப்ப ஒப்புதல். கட்டுவிரியன் கடிச்சு வென்டிலேட்டர்ல இருக்கறவர் கிட்ட எப்படி கேப்பீங்க? அவரோட சட்டப்படியான உறவுக்காரர் கிட்ட வாங்கணும், அவர் கண்ணு முழிச்சு பேச ஆரம்பிச்சப்புறம் அவர்கிட்டயே திரும்ப கேக்கணும், வேண்டாம்னு சொன்னா விட்டுடணும். பிள்ளைங்கன்னா அப்பா அம்மா ஒப்புதலோட 7 வயசுக்கு மேல அந்தப் பிள்ளையோட சம்மதமும் வேணும், 12 வரைக்கும் வாய்ச்சொல் போதும், அதுக்கு மேல எழுத்துல. படிக்கத் தெரியாதவங்கன்னா ஸ்டடியில சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னாடி படிச்சுக் காட்டி ரேகை வாங்கணும்.

ஒப்புதல் தாளை "இவ்வாய்வில் பங்கேற்க இசைவளிக்கிறேன்"னு எழுதாதீங்க. இப்படி எழுதுங்க: "பாம்பு கடிச்சவங்களுக்கு பின்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குறோம். 3 மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து 5 மில்லி ரத்தம் கொடுத்தா போதும். நீங்க சேரலைன்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது. நடுவுல வேண்டாம்னாலும் சொல்லிடலாம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க." சேர்ந்தவர் ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட இதையே தன் வார்த்தையில சொல்ல முடியணும், அப்பதான் அது ஒப்புதல்.

அஞ்சாவது படி: ஃபார்ம்

ரெண்டு பக்கத்துக்கு மேல போகாதீங்க. நைட் டியூட்டியில நாலு அட்மிஷன் வந்து விழும்போது எட்டு பக்க ஃபார்ம் யாரும் நிரப்ப மாட்டாங்க, காலையில ஞாபகத்துல இருந்து நிரப்புவாங்க, அது டேட்டாவே இல்ல. எபிகலெக்ட்5, கோபோ டூல்பாக்ஸ் ரெண்டுமே போன்ல ஓடும், நெட் இல்லாத வார்டுலயும் சேவ் பண்ணி அப்புறம் அனுப்பலாம். நோயாளி பேரு, போன் நம்பர் ஒரு ஃபைல், மத்த டேட்டா ஸ்டடி நம்பரோட வேற ஃபைல், ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க. கடிவாய் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்ல போடுற பழக்கம் நிறைய வார்டுல இருக்கு, அதை ஸ்டடி ஆரம்பிக்கற அன்னைக்கே நிறுத்துங்க.

சில கேள்வியை எப்படி கேக்கறதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு, அதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

கடிச்ச நேரம். விரியன் கடிச்சா வலி உயிர் போகும், நேரம் தெரியும். கட்டுவிரியன் அப்படி இல்ல, ராத்திரி தரையில படுத்திருக்கறவங்களை கடிக்கும், பல பேருக்கு கடிச்சதே தெரியாது, விடிகாலையில வயித்து வலி, கண் இமை தூக்க முடியலைன்னு வருவாங்க. அவங்களுக்கு ஒரே நேரம் எழுதினா அது கற்பனை. "கடைசியா நல்லா இருந்த நேரம்", "முதல் தொந்தரவு ஆரம்பிச்ச நேரம்"னு ரெண்டு கட்டம் வைங்க.

எந்தப் பாம்பு. கூட வந்தவர் கட்டுவிரியன்னு சொன்னா உடனே எழுதிடாதீங்க, உடம்புல பட்டை இருந்தா விஷமில்லாத பாம்பையும் அப்படித்தான் சொல்வாங்க, பல ஊர்ல பாம்புப் பேரே மாறும். நாலு விஷப்பாம்பு நமக்கு முக்கியம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நம்மகிட்ட இருக்கற ஏ.எஸ்.வி இந்த நாலுக்குத்தான். ஃபார்ம்ல மூணு தரம் வைங்க: செத்த பாம்பையோ போட்டோவையோ பாத்து விவரம் தெரிஞ்சவர் உறுதி பண்ணது, அறிகுறியை வச்சு டாக்டர் முடிவு பண்ணது, வாய்ச்சொல் மட்டும். அனாலிசிஸ் பண்ணும்போது இந்த மூணையும் தனித்தனியா பாக்கலாம். பாம்பை அடிச்சு எடுத்துட்டு வாங்கன்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, அதுல ரெண்டாவது ஆளும் கடிபடுவாரு.

வழியில எங்க போனாங்க. "மந்திரிக்கப் போனீங்களா?"ன்னு குரலை உயர்த்தி கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும். "வர்ற வழியில எங்கயாச்சும் காட்டினீங்களாம்மா, யாராச்சும் மருந்து, பச்சிலை கொடுத்தாங்களா, கட்டு போட்டாங்களா?"ன்னு கேளுங்க, அதுவும் ஊசி போட்டு நோயாளி கொஞ்சம் தெளிஞ்சப்புறம், கூட வந்தவங்க டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கும்போது கேளுங்க. திட்டு விழாதுன்னு தெரிஞ்சா உண்மையை சொல்லிடுவாங்க. கடிச்ச இடத்துல இருந்து நம்ம வார்டு வரைக்கும் நடந்த ஒவ்வொரு நிறுத்தத்தையும் வரிசையா நேரத்தோட எழுதுங்க, பைக்கா 108-ஆ, எந்த பி.எச்.சி, அங்க மருந்து இருந்துச்சா, போட்டாங்களா, எத்தனை வையல். தாமதம் ஒரே இடத்துல நடக்கறதில்ல, எந்த இடத்துல எவ்வளவு போச்சுன்னு பிரிச்சுக் காட்டுறதுதான் உங்க ஸ்டடியோட பலனே.

ரத்தம் உறையற டெஸ்ட். 20 நிமிஷ டெஸ்ட் ரொம்ப சிம்பிள், அதனாலயே ரொம்ப தப்பா நடக்குது. புதுசான, சுத்தமான, உலர்ந்த கண்ணாடி ட்யூப், 2 மில்லி ரத்தம், 20 நிமிஷம் ஆட்டாம அசைக்காம வச்சுட்டு ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும். பிளாஸ்டிக் ட்யூப்ல வச்சா நல்லா உறையற ரத்தமும் உறையாம நிக்கும், சோப்பு போட்டு கழுவின கண்ணாடி ட்யூபும் அதே கதைதான். ஒவ்வொரு ஷிப்ட்லயும் வேற வேற ட்யூப் எடுத்தா உங்க ஸ்டடியோட வாசலே தப்பான ஆளை உள்ள விடும். ஸ்டடிக்குன்னு ஒரு டப்பா கண்ணாடி ட்யூப் தனியா வாங்கி வைங்க, மேல தேதி எழுதுங்க, பக்கத்துல ஒரு டைமர் வைங்க, சந்தேகமா இருந்தா நம்ம சிஸ்டர் ஒருத்தரோட ரத்தத்தையே அதே ட்யூப்ல வச்சு உறையுதான்னு சரி பாருங்க. நைட் ஷிப்ட் சிஸ்டர்களுக்கு நேர்ல செஞ்சு காட்டுங்க, போஸ்டர் ஒட்டினா மட்டும் போதாது.

கிட்னி பாதிப்பு. கே.டி.ஐ.ஜி.ஓ-ங்கற சர்வதேச கிட்னி அமைப்பு 2012-ல வெளியிட்ட வரையறையை வச்சுக்குங்க: 48 மணி நேரத்துக்குள்ள கிரியேட்டினின் 0.3 mg/dl கூடினாலோ, 7 நாளைக்குள்ள பழைய அளவுல ஒண்ணரை மடங்கு ஆனாலோ, 6 மணி நேரமா யூரின் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிக்கு கீழ போனாலோ அது ஏ.கே.ஐ (திடீர் கிட்னி பாதிப்பு). நம்ம நோயாளிக்கு பழைய கிரியேட்டினின் எதுவும் இருக்காது, அதுக்கு என்ன பண்ணப்போறோம்னு ப்ரொபோசல்லயே எழுதிடணும். அட்மிஷன் அன்னைக்கு வந்ததை அடிப்படையா எடுப்போமா, வார்டுல இருந்தப்ப வந்ததுல குறைஞ்சதை எடுப்போமா, ரெண்டுல ஒண்ணை முன்னாடியே முடிவு பண்ணுங்க, ரிசல்ட் பாத்துட்டு முடிவு பண்ணக்கூடாது.

ஆறாவது படி: ஃபாலோ அப், இங்கதான் ஸ்டடி ஜெயிக்கும் இல்ல தோக்கும்

இந்த விஷயத்துல நம்ம ஊருக்கே ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கு. 1956-ல சென்னை சேத்துப்பட்டுல டி.பி. கீமோதெரபி சென்டர் ஆரம்பிச்சு ஒரு கேள்வி கேட்டாங்க, டி.பி. நோயாளியை சானடோரியத்துல படுக்க வச்சு நல்ல சாப்பாடு போட்டு வைத்தியம் பண்றதும், நெரிசலான வீட்டுலயே வச்சு மாத்திரை கொடுக்கறதும் ஒண்ணா? 1959-ல ரிசல்ட் வந்துச்சு, வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்கு ஏறக்குறைய சமமா வேலை செஞ்சுது. உலகம் முழுக்க சானடோரியம் மூடப்பட்டதுல இந்த ஸ்டடிக்கு பெரிய பங்கு உண்டு. இது நடந்ததுக்கு காரணம் புது மருந்து மட்டும் இல்ல, வீடு தேடிப் போனாங்க, திடீர்னு போய் மாத்திரை எண்ணினாங்க, அந்த நோயாளிகளை 5 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க. மொத்தம் 193 பேரை வச்சு நடந்த ஸ்டடி அது. நம்ம ஜில்லா ஆஸ்பத்திரிக்கு எட்டாத எண்ணிக்கை இல்ல.

சரி, நாம எப்படி பண்றது. அட்மிஷன் அன்னைக்கே மூணு போன் நம்பர் வாங்குங்க, ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல அது யாருதுன்னு எழுதுங்க. கேஸ் ஷீட்ல இருக்கற நம்பர் பல சமயம் கொண்டு வந்து விட்ட ஆட்டோக்காரரோடதா இருக்கும், இல்ல முதலாளியோடதா இருக்கும், 3 மாசம் கழிச்சு கூப்பிட்டா "யாருங்க, எனக்குத் தெரியாதே"ம்பாங்க. வாங்கின நம்பருக்கு அங்கயே நின்னு ஒரு மிஸ்டு கால் கொடுத்து சரி பாருங்க. ஊர்ப் பேரு மட்டும் போதாது, தெரு, பக்கத்துல கோயிலோ ரேஷன் கடையோ பள்ளிக்கூடமோ எது இருக்குன்னு எழுதுங்க.

கூப்பிடுற நேரமும் முக்கியம். பகல்ல காட்டுல இருப்பாங்க, 100 நாள் வேலையில இருப்பாங்க, போன் வீட்டுல இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கூப்பிடுங்க. எடுத்ததும் "ரிசர்ச் ஸ்டடியில இருந்து பேசுறோம்"னு ஆரம்பிச்சா கட் பண்ணிடுவாங்க. "ஐயா வணக்கம், ஜி.எச்-ல பாம்பு கடிச்சு சேத்திருந்தீங்கல்ல, அங்க இருந்துதான் பேசுறோம், இப்ப உடம்பு எப்படி இருக்கு, காலு வீக்கம் குறைஞ்சுதா, யூரின் நல்லா போகுதா?" அப்படின்னு கேளுங்க, பேசிடுவாங்க, அவங்களுக்கும் கேக்க நாலு விஷயம் இருக்கும். போன் எடுக்கறது வீட்டு ஆளுங்களா இருந்தா பொறுமையா "அவரு எப்படி இருக்காரு"ன்னு கேட்டுட்டு நிறுத்துங்க, தவறிட்டாருன்னு சொன்னா ஃபார்மை நிரப்புற அவசரத்தை விட்டுட்டு முதல்ல அவங்க சொல்றதைக் கேளுங்க. என்னிக்கு, எங்க வச்சு, அதுக்கு முன்னாடி என்ன தொந்தரவுன்னு அவங்களே சொல்லிடுவாங்க, மிச்சத்தை இன்னொரு நாள் அவங்க சம்மதத்தோட கேட்டுக்கலாம்.

வரச் சொல்றவங்களுக்கு பஸ் காசு கொடுக்கறதை பட்ஜெட்ல போடுங்க. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனா தூரத்து ஊர்ல இருந்து வர்ற பஸ்ஸுக்கு காசு வேணும், ஒரு நாள் கூலியும் போகும். ஓ.பி வரிசையில நிக்க வைக்காம நேரா ரத்தம் எடுத்து அனுப்புங்க, ரிசல்ட்டை போன்ல சொல்லுங்க, சொல்றேன்னு சொல்லிட்டு சொல்லாம விட்டா அடுத்த ஆளு அந்த ஊர்ல இருந்து வர மாட்டாரு. வரவே முடியாதவங்களுக்கு அந்த ஊர் வி.எச்.என் (கிராம சுகாதார நர்ஸ்) மூலமாவோ, 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் மூலமாவோ பாக்க முடியுமான்னு ஜில்லா சுகாதார அலுவலர் கிட்ட எழுதிக் கேளுங்க, எத்திக்ஸ் கமிட்டிக்கும் அதை முன்னாடியே தெரியப்படுத்தணும்.

லாமா போனவங்களைத்தான் முதல்ல தேடணும். ஏன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், இது புரியறதுக்காக நான் வச்ச நம்பர். 200 பேர் சேந்தாங்க, 14 பேர் வார்டுல செத்தாங்க, 26 பேர் சொல்லாமலோ எழுதிக் கொடுத்துட்டோ போயிட்டாங்க. ரிஜிஸ்டரை மட்டும் பாத்தா இறப்பு 7 சதவீதம். அந்த 26 பேரும் செத்திருந்தா 20 சதவீதம். 7-க்கும் 20-க்கும் நடுவுல எங்கயோன்னு சொல்ற ஸ்டடியை வச்சு யாரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. இப்ப 22 பேரை தேடிக் கண்டுபிடிச்சு அதுல 9 பேர் வீட்டுல போய் தவறிட்டாங்கன்னு தெரிஞ்சா, இறப்பு 11.5-க்கும் 13.5-க்கும் நடுவுலன்னு சொல்லலாம். அந்த சில வாரத்து போன் கால்தான் உங்க பேப்பரை நம்பத் தகுந்ததா ஆக்குது. இன்னொரு காரணமும் இருக்கு, சாகப்போறாருன்னு டாக்டர் சொன்னப்புறம் வீட்டுல வச்சு போகட்டும்னு கூட்டிட்டுப் போற குடும்பம் நம்ம ஊர்ல நிறைய, காசில்லாம போறவங்க இன்னும் நிறைய. அவங்களை விட்டுட்டு எண்ணினா நம்ம ஆஸ்பத்திரி நல்லா பண்ற மாதிரி பேப்பர்ல தெரியும், நிஜம் வேற.

ஏழாவது படி: அனாலிசிஸ்

ஆர், ஜமோவி, எபி இன்ஃபோ எல்லாமே இலவசம். நேரத்தை எல்லாம் மீடியன்ல (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற அளவு) சொல்லுங்க, ரெண்டு நாள் கழிச்சு வந்த ஒருத்தர் சராசரியை இழுத்துட்டுப் போயிடுவாரு. 40 பேருக்குத்தான் கிட்னி பாதிப்பு நின்னுச்சுன்னா ரெக்ரஷன்ல (பல காரணியை ஒண்ணா வச்சுப் பாக்குற கணக்கு) நாலு காரணிக்கு மேல போடாதீங்க, ஒரு காரணிக்கு பத்து ஈவென்ட், அதாவது பாதிப்பு நின்ன பத்து பேர்ங்கறது பழைய விதி, கச்சிதமா சரின்னு சொல்ல முடியாது, ஆனா அத்துமீறலைத் தடுக்கும்.

ரெண்டு குழியை மட்டும் காட்டுறேன். முதல் குழி, "20 வையலுக்கு மேல போட்டவங்க அதிகமா செத்தாங்க"ன்னு ஒரு டேபிள் வரும், மருந்து அதிகமானதால செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல, விஷம் அதிகமா ஏறினவங்களுக்குத்தான் டாக்டர் அதிகமா போட்டாரு. இந்த மாதிரி ஸ்டடியை வச்சு டோஸைப் பத்தி பேசவே பேசாதீங்க, அதுக்கு ட்ரையல் வேணும். ரெண்டாவது, நேரம் சம்பந்தப்பட்டது, நம்ம கேள்வியையே இது கடிக்கும். கடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு வர்றவங்கள்ல மோசமானவங்க வழியிலயே இறந்திருப்பாங்க, தாங்கினவங்க மட்டும் நம்ம வாசலுக்கு வர்றாங்க. இன்னொரு பக்கம், ரொம்ப சீரியஸா இருக்கறவங்களை ஊரே சேந்து வண்டி வச்சு சீக்கிரம் கொண்டு வந்துடுறாங்க. ரெண்டுமே தாமதத்தால வர்ற பாதிப்பை குறைச்சுக் காட்டும். "தாமதத்துக்கும் கிட்னிக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு ரிசல்ட் வந்தா உடனே எழுதிடாம பி.எச்.சி-லயும் 108-லயும் இறந்தவங்க எத்தனைன்னு கேட்டு வாங்கிப் பாருங்க, அட்மிஷன்ல எவ்வளவு சீரியஸா இருந்தாங்கங்கறதை பிரிச்சுப் போட்டுப் பாருங்க.

எட்டாவது படி: எழுதறதும் கொடுக்கறதும்

அப்சர்வேஷனல் ஸ்டடி எழுதறதுக்கு ஸ்ட்ரோப்-ன்னு 22 அம்ச செக்லிஸ்ட் இருக்கு, அதைப் பக்கத்துல வச்சு எழுதினா ரிவ்யூவர் கேக்கப்போற பாதிக் கேள்வி முன்னாடியே முடிஞ்சுடும். எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் சேந்தாங்க, எத்தனை பேர் கிடைக்கலைன்னு ஒரு ஃப்ளோ படம் கண்டிப்பா போடுங்க. ஆத்தர் லிஸ்ட்ல வேலை செஞ்சவங்க பேரு வரட்டும். மூணு மாசம் போன் பண்ணி நோயாளிகளைப் பிடிச்ச ஸ்டாஃப் நர்ஸ் ட்ராஃப்டைப் படிச்சு திருத்தி பொறுப்பும் ஏத்துக்கிட்டா அவங்க ஆத்தர்தான், அந்த வாய்ப்பை அவங்களுக்கு கொடுக்கணும். ஸ்டடியைப் பத்தி ஒரு வரி தெரியாதவங்க பேரு பதவிக்காக வரக்கூடாது. மூணு நாள்ல பப்ளிஷ் பண்றோம், இவ்வளவு அனுப்புங்கன்னு மெயில் அனுப்புற ஜர்னலுக்கு போகாதீங்க. இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் 1913-ல இருந்து வருது, அந்த மாதிரி ஒண்ணுக்கு முயற்சி பண்ணுங்க, திருப்பி அனுப்பினாலும் ரிவ்யூவர் கமென்ட்ல கத்துக்க நிறைய இருக்கும். மெத்தடாலஜி ஆழமா கத்துக்க நினைச்சா அயப்பாக்கத்துல இருக்கற ஐ.சி.எம்.ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன் கோர்ஸ் நடத்துறாங்க, தரமானது.

பேப்பர் வர்றதுக்கு ஒரு வருஷம் கூட ஆகலாம், அதுக்காக காத்திருக்காதீங்க. நம்ம மாநிலத்துலயே 2022-ல டி.பி. சாவைக் குறைக்க காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, பிடிக்காம நிக்க முடியுதா, இந்த மாதிரி லேப் தேவைப்படாத விஷயத்தை பி.எச்.சி-லயே பாத்து, சீரியஸான நோயாளியை உடனே அட்மிட் பண்றதுதான் அதோட அடிப்படை. கீழ இருக்கற ஊழியர் கையில கொடுக்கற மாதிரி சுருக்கமா இருந்ததாலதான் அது ஜில்லா ஜில்லாவா போச்சு. உங்க ரிசல்ட்டையும் அப்படி ஒரு பக்கமா ஆக்குங்க: எந்தெந்த பி.எச்.சி-ல இருந்து வந்தவங்களுக்கு மருந்து ஏற எவ்வளவு நேரம் ஆச்சு, எங்க மருந்து ஸ்டாக் இல்லாம திருப்பி அனுப்பினாங்க, எங்க போட்டுட்டு அனுப்பினாங்க. குறை சொல்ற தொனி இல்லாம, அந்த டாக்டர்களையே கூப்பிட்டு உக்கார வச்சு பேசுங்க, தனியா ஒருத்தரா நைட்ல ஏ.எஸ்.வி போட பயமா இருக்கு, ரியாக்ஷன் வந்தா யாரு பாக்கறதுன்னு அவங்க சொல்வாங்க. அது நியாயமான பயம், அட்ரினலின் எப்போ எவ்வளவுன்னு சொல்லிக் கொடுத்து, ராத்திரி கூப்பிட ஒரு நம்பர் கொடுத்தா போடுவாங்க.

இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை பேப்பர் ட்ராஃப்ட் தொடங்கறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. 3 மாச ரத்தத்துல கிரியேட்டினின் இறங்காம இருக்கறவங்களோட லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிட்டு, நெஃப்ராலஜி ஓ.பி எந்தக் கிழமைன்னு சொல்லி, வலி மாத்திரையை கடையில வாங்கிப் போடக்கூடாதுன்னு சொல்லி, அந்த ஓ.பி-ல அவங்க பேரைக் கொடுத்து வைங்க.